சுவரில் மாட்டிய சிபாரிசு

போன வருஷம் ஐப்பசி மழைக்காலம். காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது.

எங்கள் ஊருக்கு பிரான்ஸ் என்பது கும்பகோணத்துக்கு அடுத்த ஸ்டாப் மாதிரி. தெருவுக்கு ஒருத்தராவது அங்கே இருப்பார். அந்த நாட்டுக் கல்லூரி ஒன்றில் எம்.பி.ஏ. படிக்க என் மகள் விண்ணப்பித்திருந்தாள். மார்க்கெல்லாம் பிரமாதம். வேலை அனுபவம்தான் சுத்தமாக இல்லை. அவள் பி.காம். முடித்த கையோடு என் மனைவி படுத்துவிட்டாள். டயாலிசிஸுக்குக் கூட்டிப்போவது, மாத்திரை, சமையல் எல்லாம் மகள்தான். நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜோக் அடித்தேன். நர்ஸுகள் நன்றாகச் சிரித்தார்கள். பங்குனியில் என் மனைவி போய்விட்டாள்.

விண்ணப்பத்துக்கு உதவிய ஏஜென்ட் போனில் எனக்கு ஒரு யோசனை சொன்னார். அனுபவம் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு கதை வேண்டுமாம். அம்மா போனதைச் சொன்னால் வீட்டில் இருந்த காலத்துக்கும் கணக்கு ஆச்சு, கேட்கிறவர் மனசும் இளகும் என்றார். மகளிடம் சொன்னேன். தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"அதெல்லாம் சொல்ல மாட்டேம்ப்பா" என்றாள்.

என் மூளைதான் சும்மா இருக்காதே. வீடியோ நேர்காணல் அன்று அவள் தலை வாரிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, என் மனைவியின் படத்தைக் கழற்றி வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மாட்டினேன். சந்தன மாலை, குங்குமப் பொட்டு, சின்னச் சிவப்பு பல்பு சகிதமாக. இவள் வாயைத் திறக்கவே வேண்டாம், பார்த்ததும் அவர்களே கேட்பார்கள், சொல்லித்தானே ஆகணும் என்று என் கணக்கு.

அவசரமாக வந்து உட்கார்ந்தவளுக்குத் திரையின் மூலையில் தன் தலைக்கு மேல் அம்மா முகம் தெரிந்தது. அதற்குள் அந்தப் பக்கம் வெள்ளைக்கார அம்மா வணக்கம் சொல்லிவிட்டார். நான் அடுக்களை வாசலில் நின்றுகொண்டேன்.

நன்றாகத்தான் போனது. படிப்பு முடிந்து என்ன செய்தாய் என்று கேட்டார். வீட்டில் இருந்தேன் என்றாள். அவர் காத்திருந்தார். இவள் மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்போதுதான் அவர் பார்வை மேலே போனது. நான் எதிர்பார்த்தபடியே படத்தைப் பற்றிக் கேட்டார்.

"மாலை, விளக்கெல்லாம் அழகா இருக்கே. இன்னைக்கு அவங்களுக்குப் பிறந்தநாளா?"

மாலை போட்ட படத்துக்கு என்ன அர்த்தம் என்று காரைக்காலில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பிரான்ஸில் உட்கார்ந்திருக்கும் வெள்ளைக்கார அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அது என் மூளைக்கு எட்டவே இல்லை.

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. அது எங்க அம்மா, இன்று பிறந்தநாள் இல்லை என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்து, அம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சொல்கிறேன் என்றாள்.

முடிந்ததும் நாற்காலியில் ஏறிப் படத்தைக் கழற்றினாள். துப்பட்டாவால் கண்ணாடியைத் துடைத்தாள்.

"எனக்கு எக்ஸ்பீரியன்ஸ் இல்லேன்னு அம்மாவ வேலைக்கு அனுப்பிட்டீங்களேப்பா."

நான் சிவப்பு பல்பின் ஒயரைச் சுற்றி எடுத்து வைத்தேன்.

சீட் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் எங்கேயாவது வேலை பார்த்துவிட்டு வரும்படி மெயில் வந்தது. இப்போது டவுனில் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குப் போகிறாள். என்னோடு நன்றாகத்தான் பேசுகிறாள். மறுபடி விண்ணப்பிக்கப் போகிறாளா என்பதை மட்டும் என்னிடம் சொல்வதில்லை. ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லாத துக்கத்தை எடுத்துப் பயன்படுத்த பெற்ற அப்பனுக்கும் உரிமை கிடையாது என்று, அவள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும் ஒவ்வொரு காலையும் நினைத்துக்கொள்கிறேன்.