நம்பர் பிளேட்டில் பூசிய மண்

நானும் நாகரத்னம்மாவும் இருபத்தேழு வருஷமாக ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறோம். நான் தமிழில் கேட்பேன், அவள் கன்னடத்தில் பதில் சொல்வாள். அவள் கன்னடத்தில் திட்டுவாள், நான் தமிழில் திருப்பிக் கொடுப்பேன். அவளுக்குத் தமிழ் வராமல் இல்லை, எனக்கும் கன்னடம் வராமல் இல்லை. ஏனோ அப்படியே பழகிவிட்டது. பெங்களூர் அடுகோடியில் எங்கள் சந்தில் இதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஊரிலிருந்து வருகிறவர்கள்தான் வாயைப் பிளக்கிறார்கள்.

நான் பிறந்தது செங்கம் பக்கம். அங்கே பெங்களூர் என்றால் ஒரே பேச்சுதான். தமிழ் பேசினால் அடிப்பான், தண்ணீர்ப் பிரச்சினை வந்தால் கொளுத்துவான். டிவியில் எரிகிற பஸ்ஸையே திரும்பத் திரும்பக் காட்டினால் அவர்களும் என்ன செய்வார்கள், பாவம். நான் பொய் சொல்ல மாட்டேன், அப்படிப்பட்ட நாளும் இங்கே வந்திருக்கிறது. ஒரு வருஷம் நாலு நாள் கதவைத் தாழ்போட்டு, மூச்சுவிடப் பயந்து உட்கார்ந்திருந்தேன். அந்த நாலு நாளும் எனக்குப் பால் வாங்கிவந்து கொடுத்தது யார் என்று ஊரில் இன்றுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

இந்தத் தடவை தண்ணீர்த் தகராறு கிளம்பிய வாரத்தில்தான் என் தம்பி ஏழுமலையின் மகள் சுதாவுக்கு இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. என் வீட்டில் தங்கிப் போய்வருவதாகப் பேச்சு. நான் தனிக்கட்டை, எனக்கும் ஒரு துணை. "ஊரைப் பாத்துட்டுதான் பொண்ண விடுவேன்" என்றான் தம்பி. பந்த் அன்றைக்கு வராதே என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். மறுநாள் காலையிலேயே அவள் வேலையில் சேர வேண்டும், அதனால் கிளம்பிவிட்டான்.

அன்று காலை எங்கள் தெருவில் எல்லா ஷட்டரும் இறங்கியிருந்தது. எங்கேயோ டயர் எரிகிற நாற்றம். நாய்கூடக் குரைக்கவில்லை. ஒன்பது மணி வாக்கில் தம்பியின் கார் சந்து முனையில் திரும்பியதும், கொடியோடு நின்றிருந்த ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். அவன் செய்திருந்த வேலை அப்படி. தமிழ்நாட்டு நம்பர் தெரியக் கூடாதென்று ஓசூரில் இறங்கி, முன்னும் பின்னும் ஈரமண்ணைக் குழைத்துப் பூசியிருக்கிறான். இப்படி ஒரு யோசனை நம் ஊர்க்காரனுக்கு மட்டும்தான் வரும்.

"நம்பர் யாக்கே முச்சிதீரா? கள்ள காடியா?" என்று ஒருவன் கேட்டான். நம்பரை ஏன் மறைத்தாய், திருட்டு வண்டியா என்கிறான். தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினான். அதைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தேகம் இன்னும் கூடிப்போனது. ஒருவன் கையில் கட்டை இருந்தது. பின்சீட்டில் சுதா வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். நாகரத்னம்மாதான் குழாயடியிலிருந்து குடத்தோடு போனாள். தண்ணீரை வீசி நம்பர் பிளேட்டில் அடித்தாள். மண் கரைந்து எழுத்து வெளியே வந்தது. "நோடு, தமிழ்நாடு. நம்ம அக்கன தம்ம. ஏன் மாடுத்தியோ மாடு!" என்றாள். எங்கள் அக்காவின் தம்பி, செய்வதைச் செய் என்று அர்த்தம். கட்டை வைத்திருந்தவன் நம்பரைப் பார்த்தான், சுதாவைப் பார்த்தான். பிறகு வழிவிட்டான். ஆனால் போகவில்லை, முனையிலேயே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தம்பி ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "சுதா, ஏறு வண்டியில."

"அப்பா, நாளைக்கு ஜாயினிங்."

"வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம். அக்கா, நீயும் வா. இந்த ஊர்ல என்னத்தக் கண்ட?"

நாகரத்னம்மா அன்றைக்குத்தான் தமிழில் பேசினாள். "மண்ணு பூசினது நீயி. திட்டறது ஊரையா தம்பி?"

அவன் கேட்கவில்லை. தனியாக விட மனசில்லாமல், வழியில் கன்னடம் பேச ஆள் வேண்டுமே என்று நாங்கள் இரண்டு பேரும் ஏறிக்கொண்டோம். ஓசூர் ரோடு இப்படி வெறிச்சோடி நான் பார்த்ததில்லை. மூன்று இடத்தில் மறித்தார்கள். மூன்று இடத்திலும் நாகரத்னம்மா ஜன்னலில் தலையை நீட்டி ஏதோ சொல்ல, விட்டார்கள். அத்திப்பள்ளி தாண்டி, போலீஸ் தடுப்பு தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் வந்ததும் தம்பி பெருமூச்சு விட்டான்.

அங்கேயும் ஒரு கூட்டம் நின்றது. நம் ஆட்கள். வண்டி மெதுவாகப் போகும்போது நாகரத்னம்மா என்னிடம் "நீரு கொடு அக்கா" என்றாள். தண்ணீர் கேட்ட அந்தக் கன்னடம் ஒருவன் காதில் விழுந்துவிட்டது. பானெட்டில் ஓங்கி அடித்தான்.

"யாருடா இது, கன்னடக்காரியா? கீழ இறக்குடா!"

அவள் என் கையைப் பிடித்தாள். தம்பி முன்னாலேயே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தான். இங்கேயும் கைகூப்பிவிடுவானோ என்று நினைத்தேன். சட்டென்று கதவைத் திறந்து இறங்கினான்.

"எங்க அக்கா அது. கைய வெச்சுப் பாரு."

"உங்க அக்கா எதுக்குய்யா கன்னடம் பேசுது?"

"அது அவங்க இஷ்டம். உன் புள்ள இங்கிலீஷ் பேசினா ரோட்ல இறக்கி உட்டுருவியா?"

பின்னால் எவனோ சிரித்துவிட்டான். அதோடு விலகினார்கள்.

கொஞ்சதூரம் போய் வண்டியை ஓரம் கட்டினான். பிறகு டிக்கியைத் திறந்து சுதாவின் பெட்டியை எடுத்து ரோட்டில் வைத்தான். "சாயங்காலம் அந்தப் பக்கம் பஸ் விடுவாங்களா?" என்று கேட்டான். என்னை அல்ல, நாகரத்னம்மாவை.

"ஆறு மணிக்கு மேல விடுவாங்க."

"வீடு போனதும் போன் பண்ணச் சொல்லுங்கக்கா."

பந்த் நாளில் இந்தப் பக்கத்து பஸ் இங்கேயே நின்றுவிடும், அந்தப் பக்கத்து பஸ் அங்கேயே. நடுவில் இருக்கிற ரோட்டை நடந்துதான் கடக்க வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு சுதாவோடு நாங்கள் இரண்டு பேரும் நடந்தோம். மூட்டையும் குழந்தையுமாக ஜனம் எல்லாம் எங்களுக்கு எதிரே தமிழ்நாட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தது. "அந்தப் பக்கம் கலாட்டாம்மா, எங்க போறீங்க?" என்றார் ஒருவர். "வீட்டுக்கு" என்றேன். தூரத்தில் இன்னும் புகை எழும்பிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் கன்னடத்தில் ஒரு பலகை, முதுகுக்குப் பின்னால் தமிழில் ஒரு பலகை. இரண்டையும் நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.