சந்தைக்குப் போன ஸ்டூல்

எங்கள் மேனேஜர் சென்னைக்காரர். கேரளாவின் வரைபடத்தை அவர் கடைசியாகப் பார்த்தது பள்ளிக்கூடத்தில் இருக்கலாம். இல்லாவிட்டால் ஆனி மாதக் காலை ஒன்றில் எனக்குப் போன் போட்டு, "நம்ம டீம் பொண்ணோட ஊர்ல மழை, நாலு நாளா கரண்ட் இல்லையாம். அவளும் கேரளாதானே? கொஞ்ச நாள் உங்க வீட்டுல உட்கார்ந்து வேலை பார்க்கட்டுமே, பக்கம்தானே?" என்று கேட்டிருக்க மாட்டார்.

அவள் ஊர் இடுக்கி மலையில் வண்டன்மேடு. என் ஊர் பாலக்காட்டின் கிழக்கு ஓரம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பெருமாட்டி. நடுவில் ஒரு முழுப் பகல் பஸ்ஸில் உட்கார வேண்டும். இதை அவருக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வருடம் டீம் லீடு பதவி எனக்கா அவளுக்கா என்று முடிவு செய்யப்போகிறவர் அவர். உதவ மனமில்லாதவள் என்று பெயர் வாங்க எனக்கு இஷ்டமில்லை. "வரட்டும் சார், அதனால என்ன" என்றேன்.

அந்தக் கம்பெனியில் நான் எட்டு வருடம். அவள் நான்கு. வெளிநாட்டு மருந்துக் கடைகளுக்கு எந்த மருந்து எப்போது போக வேண்டும் என்று கணக்கிடும் மென்பொருள் எங்களுடையது. அதன் பாதிக்கு மேல் நான் எழுதியது. அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவளும் நான்தான். முந்தி வந்த செவியைவிடப் பிந்தி வந்த கொம்பு பெரிது என்பார்களே, அந்தக் கொம்பு முளைப்பதை நான்கு வருடமாகப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. அவள் அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர். தோட்டக் கூலிகளின் லயத்து வீட்டிலிருந்து வந்த பெண் எனக்கு மேலே உட்காருவதா என்று எனக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. அது அசிங்கமான குரல்தான். என்னுடையதுதான்.

ஒரு பையும் லேப்டாப்பும் அரைக்கிலோ ஏலக்காயுமாக அவள் வந்து இறங்கினாள். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டு டீ மணந்தது. அம்மா அவளை "அந்தப் புள்ள" என்றுதான் சொல்வாள். அந்தப் புள்ளைக்குப் புளிப்பு ஆகாது, அந்தப் புள்ளைக்கு இன்னொரு தோசை ஊத்தோணும். எட்டு வருடமாக நான் வீடியோ காலில் இருக்கும்போது மிக்ஸியை ஓட்டிய அம்மா, அந்தப் புள்ள பேசுகிறாள் என்று குக்கரை இறக்கி வைத்தாள்.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். அப்பாவைத்தான் தாங்க முடியவில்லை. என் வேலை என்னவென்று அவர் கேட்டபோதெல்லாம் "கம்ப்யூட்டர்லப்பா, சொன்னா உங்களுக்குப் புரியாது" என்று சொல்லிவிடுவேன். அவளிடம் இரண்டாம் நாளே கேட்டார். அவள் தோப்புக்குப் போய், கால்வாய் மடையைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "உங்க முறைத் தண்ணி மாதிரிதாம்ப்பா. எந்தத் தோப்புக்கு எப்பத் தண்ணி விடணும்னு நீங்க பாக்கறீங்கல்ல, அது மாதிரி எந்தக் கடைக்கு எப்ப மருந்து விடணும்னு நாங்க பாக்கறோம். அந்த மடைய எழுதுனது அக்காதான்."

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "இதையேங் கண்ணு நீ இத்தன நாளாச் சொல்லுல?" என்றார். என்னைப் பாராட்டித்தான் அவள் சொன்னாள். இருந்தாலும், என் அப்பாவிடம் என்னைப் பற்றிச் சொல்ல இவள் யார்?

ஆடி பிறந்தது. லண்டன்காரர்களுக்கு டெமோ காட்டும் நாள் வந்தது. மதியம் இரண்டரைக்கு முதலில் அவள் பகுதி, பிறகு என் பகுதி. அது முடிந்ததும் டீம் லீடு யார் என்று சொல்லிவிடுவதாக மேனேஜர் முன்பே கோடி காட்டியிருந்தார்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் வெறும் பேச்சில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்தால் தோப்பே பேயாடும். இரண்டு மணிக்கு ஒரு மட்டை பிய்த்துக்கொண்டு விழுந்து இன்டர்நெட் கேபிளை அறுத்தது. அவள் போனில் டவர் சுத்தமாக இல்லை. என் போன் வேறு கம்பெனி. மாடி அறையின் ஜன்னலோரத்தில் வைத்தால் தமிழ்நாட்டுப் பக்கத்து டவர் கிடைக்கும். இரண்டு லேப்டாப்புக்கும் அது போதும். நான் மாடிக்குப் போய்ப் பார்த்தேன், கிடைத்தது. கீழே இறங்கி வந்து, "என் போன்லயும் இல்ல" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு யோசித்தேன், மாற்றவில்லை. அவள் பகுதியும் எனக்கு மனப்பாடம். இரண்டையும் நானே காட்டிவிடலாம்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். "வேலந்தாவளத்துல டவர் நல்லா இருக்கும். கால் மணி நேரந்தான், வண்டில ஏறு சாமி" என்றார். லேப்டாப்பை வைக்க ஏதாவது வேண்டுமே என்று சமையல்கட்டிலிருந்து ஸ்டூலைத் தூக்கி மொபெட்டின் முன்னால் வைத்தார். "நீயும் வா கண்ணு, ரண்டு நடையா அடிச்சர்லாம்."

"எனக்கு அப்புறந்தானுங்கப்பா. அவ மொதல்ல போகட்டும். நான் பக்கத்து வீட்ல கேட்டுப் பாக்கறேன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்து, "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்றாள்.

வண்டி மறைந்ததும் மாடிக்கு ஓடினேன். இரண்டரைக்கு அவள் வரவில்லை. இணைப்புக் கிடைக்காமல் திணறுகிறாள், அவள் பகுதியையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று எல்லோரிடமும் வருத்தக் குரலில் சொன்னேன். மேனேஜர் நன்றி சொன்னார். இரண்டாவது திரைக்கு வந்திருப்பேன். அவள் பெயர் மின்னியது. தாமதத்துக்கு மன்னிக்கச் சொன்னாள். நான் பேச்சை அவளிடம் விட்டேன். மைக்கை அணைப்பதற்குள் படிக்கட்டின் கீழிருந்து அம்மா கத்தினாள்: "ஏங் கண்ணு, உங்கப்பா என்ற ஸ்டூலத் தூக்கீட்டு எங்க போனாங்க?"

லண்டன்காரர்களுக்கு அது புரியப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று வேலந்தாவளத்தில் மாட்டுச் சந்தை. தீவனக் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு அவள் பேச ஆரம்பித்ததும் பின்னால் ஒரு காளை கத்தியது. அது என்ன சத்தம் என்று லண்டன் அம்மாள் கேட்டார். அவள் கேமராவைத் திருப்பிச் சந்தையைக் காட்டினாள். அந்த அம்மாள் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவராம். சிரித்து, எழுந்து நின்று, தன் அப்பா வளர்த்த பசுவின் கதையைச் சொன்னார். அதன்பின் அவள் காட்டியதற்கெல்லாம் தலையாட்டினார். நான் என் பகுதியைப் பிழையில்லாமல் காட்டினேன். யாரும் எழுந்து நிற்கவில்லை.

திரும்பி வந்தவளின் தலைமுடியெல்லாம் தூசி. என் குரலை அவள் கேட்டிருக்கிறாள், பக்கத்து வீட்டிலும் அதே அறுந்த கேபிள்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். என்ன கேட்கப்போகிறாளோ என்று நின்றேன். "காத்துல டவர் வந்துருச்சு போலக்கா. நல்லவேளை" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். சாக்கையும் அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். அதற்காகவே அவளை அன்று வெறுத்தேன்.

மழை குறைந்ததும் ஊருக்குப் போனாள். அடுத்த வாரம் மெயில் வந்தது. எந்தச் சூழ்நிலையையும் சமாளிக்கிறவள், இனி அவள்தான் டீம் லீடு என்று மேனேஜர் எழுதியிருந்தார்.

மத்தியானச் சோற்றை வைத்துக்கொண்டு நான் பொரிந்து தள்ளினேன். "எட்டு வருசம் நான் மாடா ஒழைச்சேன். அவ மாட்டக் காட்டி வாங்கீட்டா." அம்மா ரசம் ஊற்றினாள். அப்பா சாப்பிட்டு முடித்து, தட்டைத் தள்ளி வைத்தார்.

"அன்னைக்கு அந்த லேப்டாப்புல உன்ற குரல் கேட்டுச்சு கண்ணு" என்றார். "பாப்பா ஊட்ல டவர் இல்லீன்னாளே, எப்படிப் பேசறான்னு அந்தப் புள்ளகிட்டக் கேட்டன். அது முன்னாடியே பதிஞ்சு வெச்சதுங்கப்பான்னு சொல்லுச்சு."

நான் ரசத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தேன்.

"பதிஞ்சு வெச்சதுல உங்கம்மா ஸ்டூல எங்கீன்னு எப்படிக் கண்ணு கேப்பா? ஸ்டூல நாந்தான புடிச்சுட்டு நின்னன், காத்துல சாஞ்சறக் கூடாதுன்னு."

அவர் கை கழுவ எழுந்து போனார். அதற்குமேல் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை.

அவள் இப்போதும் என் லீடுதான். தினமும் காலையில் "அக்கா, சாப்ட்டீங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறாள். எனக்கு இன்னும் ஆறவில்லை. பதவியைக்கூட விட்டுவிடலாம். அந்த மதியம் இரண்டு பேருமே பொய் சொன்னோம். நான் எனக்காகச் சொன்னேன். அவளும் எனக்காகத்தான் சொன்னாள். அதிலும் ஜெயித்தது அவள்தான்.