நாற்பத்து மூன்று வெள்ளைக் கோட்டுகள்

சமையலறையில் டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது. உருண்டு, சுவரில் மோதி நின்றது. அதை எடுக்க யாரும் குனிந்ததாகத் தெரியவில்லை.

முன்னறையில் தையல் மெஷின் அருகே நின்ற கோட்டு அக்கா சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்!

"கேக்கட்டும். அவளுக்குக் கேக்கணும்னுதான் சத்தமா சொல்றேன்" என்றார் அவளுடைய அண்ணன். டயர் கடை வைத்திருப்பவர். மெதுவாகப் பேசினால் அவர் பேச்சு அவருக்கே கேட்காது. "தவளையை அறுக்கப் படிக்கிறதுக்கு அஞ்சு லட்சம் கடன். அதுக்கு நான் ஜாமீன். போன தடவை கூட்டாளிக்குக் கையெழுத்துப் போட்டேன். அவன் ஓடிட்டான். நாலு வருஷம் நான் கட்டினேன். மறந்துட்டியா?"

அவள் மறக்கவில்லை. ஆனால் மேஜைமேல் வங்கி விண்ணப்பம் விரிந்து கிடந்தது. ஜாமீன்தாரர் கட்டம் மட்டும் காலி. கல்லூரியில் பணம் கட்ட நாளை மதியம்தான் கடைசி நேரம். அந்த ஒரு கட்டத்தில்தான் பதினேழு வயதுப் பெண்ணின் உயிரியல் கனவு தொங்கிக்கொண்டிருந்தது.

கோட்டு அக்கா என்பது மாணவர்கள் வைத்த பெயர். கணவர் கண்மூடியபோது மகளுக்கு மூன்று வயது. மிஞ்சியது இந்த மெஷின் மட்டும். திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்துப் பிழைத்தவளிடம், ஒரு நாள் செய்முறைத் தேர்வுக்கு அரைமணி நேரம் இருக்கும்போது, கிழிந்த வெள்ளைக் கோட்டோடு ஒரு மாணவி அழுதுகொண்டே ஓடிவந்தாள். பத்து நிமிடத்தில் அக்கா கோட்டின் கிழிந்த கையைத் தைத்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் ஏழு பேர் வந்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் நாற்பத்து மூன்று கோட்டுகள். ஒவ்வொன்றின் காலருக்குள்ளும் நீல நூலில் ஓர் எண். நீள நோட்டில் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பக்கம்: தோள், மார்பு, கைநீளம், போன் நம்பர். பையில் தைக்க வேண்டிய கல்லூரிச் சின்னம் ஓரத்தில் பென்சிலில்.

அந்த நோட்டை எடுத்து அண்ணன் முன்னால் டமாரென்று வைத்தாள்.

"நான் சும்மா கேக்கலண்ணா. ஒன்பது நாளா இவங்க எல்லாருக்கும் போன் போட்டேன். முப்பத்தோரு பேர் பேசினாங்க."

"என்ன பேசின?"

"முதல்ல கோட்டு எப்படி இருக்குன்னு கேட்டேன். அப்புறம் சம்பளம் எவ்வளவுன்னு கேட்டேன்."

அண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்டி! சரி, வாசி."

அவள் வாசித்தாள். எட்டாம் நம்பர் விதை கம்பெனியில் முளைப்புச் சோதனை பார்க்கிறாள், பதினாலாயிரம். பதினேழாம் நம்பர் போன் கவர் விற்கிறான். இருபத்திரண்டு, ஆஸ்பத்திரி லேபில் பதிமூன்றாயிரம்.

"பாத்தியா!" அண்ணன் தொடையைத் தட்டினார். "என் கடையில பஞ்சர் ஒட்டுறவன் இதைவிட வாங்குறான்."

"அவசரப்படாதீங்க. அஞ்சாம் நம்பர் மேல ரெண்டு வருஷம் படிச்சா. தடுப்பூசி தயாரிக்கிற இடத்துல நாப்பத்தஞ்சாயிரம். பதினொண்ணு, கல்லூரியில இருக்கும்போதே லேப் வேலை கத்துக்கிட்டான். பால் கம்பெனியில முப்பதாயிரம். முதல்ல கஷ்டம்தான், அப்புறம் ஏறுது."

"அந்த முதல்லதான் நீ தவணை கட்டணும். அஞ்சு லட்சத்துக்கு மாசம் எவ்வளவு?"

"ஒன்பதாயிரம்" என்றாள். குரல் இறங்கிவிட்டது. முப்பதாம் நம்பர் போனில் அழுதுகொண்டே சொன்னதை அண்ணனிடம் அப்படியே சொன்னாள். 'பதினாலு வருதுக்கா, ஒன்பது தவணைக்குப் போயிடுது. அம்மாகிட்ட இன்னும் சொல்லல.' ஐயோ, அந்தக் குரல்! நாளை அது தன் மகளின் குரலாக இருந்தால்?

"எல்லாருக்குமா இப்படிக் கழுத்தை நெரிக்குது?" அண்ணன் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார். "இந்த எட்டாம் நம்பருக்கு?"

"அவளுக்குக் கடனே கம்மி. மாசம் ரெண்டாயிரம்கூட வராதுன்னா."

"முப்பதாம் நம்பரும் இவளும் ஒரே சம்பளம்தானே வாங்குறாங்க? அவளுக்கு மட்டும் எப்படிக் கம்மி?"

கோட்டு அக்காவின் விரல் பக்கத்தின் ஓரத்துக்கு ஓடியது. முப்பதின் பையில் சிவப்பு விளக்கு. கண்ணாடிக் கட்டடம் வைத்த தனியார் கல்லூரி. மகளுக்காக அவள் ஆசைப்பட்டது. எட்டின் பையில் பச்சை இலை. இரண்டு பஸ் மாறிப் போகும் அரசுக் கல்லூரி.

பக்கங்களைச் சரசரவெனப் புரட்டினாள். தடுப்பூசிக்காரி, இலை! பால் கம்பெனி, இலை! போன் கவர், விளக்கு. ஆஸ்பத்திரி லேபில் இரண்டு பேர், ஒன்று விளக்கு, ஒன்று இலை, சம்பளம் அச்சு அசலாக ஒன்று!

"அண்ணா! கட்டடத்துக்கு யாரும் சம்பளம் குடுக்கலண்ணா!"

இத்தனை கோட்டிலும் தன் கையாலேயே சின்னம் தைத்தவள், ஒரு தடவைகூட இதை ஒப்பிட்டுப் பார்க்கவில்லையே! இலைக் கல்லூரியின் விரிசல் விட்ட சுவரைப் பார்த்து, 'என் பொண்ணு இங்கயா?' என்று அவளேதான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. மகள் கண்ணீரும் சிரிப்புமாக நின்றாள். கையில், மடித்து மடித்து நைந்த ஒரு காகிதம்.

"அம்மா, நீ வேண்டாம்னு போட்டது. இலைக் கல்லூரி சேர்க்கைக் கடிதம். நான் தூக்கிப் போடல. இதுக்கும் நாளைக்குத்தான் கடைசி."

"எவ்வளவுடி?"

"ஒரு லட்சம் போதும்மா, மூணு வருஷத்துக்கும். தவணை ரெண்டாயிரத்தைத் தாண்டாது." வங்கி விண்ணப்பத்தைப் புரட்டி, யாரும் திருப்பிப் பார்க்காத கடைசிப் பக்கத்தில் விரல் வைத்தாள். "ரெண்டு லட்சம் வரைக்கும் ஜாமீனே வேண்டாமாம்."

அடுத்த கணம் தாயும் மகளும் கட்டிக்கொண்டு குதித்தார்கள். மெஷின்மேல் இருந்த நூல்கண்டுகள் நாலாபக்கமும் சிதறின. டயர் கடைக்காரர் பேனாவைத் திறந்தார், மூடினார்.

"அப்போ நான் எதுக்குடி வந்தேன்?" என்றார். "சும்மா மிரட்டிட்டு, கடைசியில போட்டுடலாம்னுதான் பேனாவோட வந்தேன்."

"தெரியும் மாமா" என்றாள் மகள். "நீங்க வீட்டுக்குள்ள வரும்போதே பேனா பாக்கெட்டுல இல்லாம கையிலதான் இருந்துச்சு."

"மூணாவது வருஷத்துக்குள்ள லேப் வேலை கத்துக்கணும். பதினொண்ணாம் நம்பர் மாதிரி. சத்தியமா?" என்றாள் தாய்.

"சத்தியமா!"

அதற்குள் அளவு நாடா மகளின் தோளில் விழுந்துவிட்டது. நாற்பத்து நான்காம் பக்கம் திறந்தது. ஓரத்தில் பென்சிலால் ஓர் இலை வரைந்தாள். அவசரத்தில் இலை கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது.

அண்ணன் வாசலில் செருப்பை மாட்டினார். "கோட்டுத் துணி என் செலவு."

"கடனா?" என்றாள் தங்கை.

"போடி இவளே!" கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார். தெருமுனை வரை அவர் யாரிடமோ போனில் கத்துவது கேட்டது: "என் தங்கச்சி பொண்ணுடா, உயிரியல்!"

மகள் கதவைச் சாத்தினாள்.