ஹம் நகரில் ஓடிப்போன கணவர்

எர்லாங்கன் போகும் என் ரயில் ரத்தாகிவிட்டதால் ஜெர்மனியின் ஹம் நிலையத்துக்கு வெளியே நிற்கிறேன். எதிரே திடலில் அமெரிக்கக் கிராமியப் பாட்டு விழா. கௌபாய் தொப்பி வைத்த ஜெர்மானியர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். கணவன் கைவிட்ட சோகத்தை ஜெர்மனில் பாடிவிட்டு மேடையிலிருந்து இறங்குகிறவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். கேள்வி கேட்கத் தயங்குவதில்லை.

"அக்கா, நிஜமாவே விட்டுட்டுப் போயிட்டாரா?"

"எங்கை போறது? அந்தா, கடையிலை ரோல்ஸ் பொரிக்கிறார். குடியில்லை, சண்டையில்லை, சமையலும் அவர்தான். அப்பிடியான மனுசனை வைச்சு என்ன பாட்டு எழுத ஏலும், பிள்ளை? அதுதான் பாட்டிலை ஓட விட்டிட்டன். தெரிஞ்சுதெண்டால் இந்த விழாக்காரர் இனி என்னைக் கூப்பிடமாட்டினம்."

அதற்குள் அவரே தட்டோடு வருகிறார். "இஞ்சரும், வெறும் வயித்தோடை பாடாதையும்" என்று ஒரு ரோல்ஸை அக்காவின் வாயில் வைக்கிறார்.

முன்வரிசைப் பெண்ணொருத்தி பாய்ந்து வந்து, பாட்டில் வருகிற கணவர் நீங்கள்தானா என்று ஜெர்மனில் அதட்டுகிறாள். அவர் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்கிறார். வெட்கமில்லையா, இவளிடம் திரும்பிப் போங்கள் என்கிறாள். இன்றைக்கே போய்விடுகிறேன் என்று அவர் தலைகுனிகிறார்.

அவள் மேடையேறி அதை அறிவிக்க, திடலே எழுந்து கைதட்டுகிறது. அக்கா விம்மியபடி கணவரைக் கட்டிக்கொள்கிறார். கணவரின் தோளுக்கு மேலாக அக்கா என்னிடம் முணுமுணுக்கிறார்:

"அடுத்த வருசத்துக்கு இந்த மனுசன் திரும்பவும் ஓடவேணுமே, பிள்ளை!"