போராடிய ஈரல்

அவளுடைய முழங்கை வரை ரத்தம். ஆனாலும் கைகள் தடுமாறவில்லை. தலைகீழாகத் தொங்கிய பன்றியின் வயிற்றுக்குள் வலது கை ஈரலை அடியிலிருந்து ஏந்திக்கொண்டது. இடது கை அதற்குள் போகும் பெரிய ரத்தக்குழாயைத் துழாவிப் பிடித்தது. ரப்பர் குழாயின் நுனி உள்ளே போனது. நூல் இரண்டு சுற்று, ஒரு முடிச்சு, அதன் மேல் இன்னொன்று. குளிர்ந்த திரவம் பாயப் பாய, ஈரலின் கருஞ்சிவப்பு வெளுத்துக்கொண்டே வந்தது. ரத்தம் நின்று நான்கு நிமிடம் ஆகியிருந்தது. ஐந்தைத் தாண்டியிருந்தால் அந்த ஈரல் அவளுக்கு வேண்டாம்.

நாலடி தள்ளி அடுத்த பன்றி அலறியது. ஒடுக்கமான வழியில் ஏற மறுத்துத் திரும்பியது, தடுப்புக் கம்பியில் முட்டியது, ஒருவனை உதைத்துச் சுவரோரம் தள்ளியது. அவளுடைய அண்ணன் இரும்புத் தடியை ஓங்கினான். முதுகில் ஒன்று, மூக்கின் மேல் இரண்டு. முன்னங்கால் மடிந்ததும் மயக்கமாக்கும் மின்சாரக் கிடுக்கி, அப்புறம் கத்தி.

"என்னா துள்ளு துள்ளுச்சு பாத்தியா? இதோட ஈரலையும் எடுத்துக்கோ" என்றான்.

"ஒண்ணு போதும்ணே. வீட்ல விருந்தா வச்சிருக்கேன்?"

"டாக்டரம்மாவுக்குன்னு முப்பதுல ஒண்ணு பாத்து ஒதுக்குறேன். இருக்கறதுலயே திமிர் புடிச்சது. அருமை தெரியலை உனக்கு."

அவள் சிரித்தபடி ஈரலைப் பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

அறுப்புக்கூடத்தில் எல்லோரும் அண்ணனை 'இடி' என்றுதான் கூப்பிட்டார்கள். வாய் திறப்பதற்குள் கை நீண்டுவிடும். அப்பாவும் இதே கூடத்தில்தான் வேலை பார்த்தார். மேலே ஓடும் சங்கிலியின் கொக்கி அறுந்து, முழு மாட்டின் பாரம் கழுத்தில் விழுந்து அங்கேயே செத்தார். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, அண்ணனுக்குப் பதினாறு. மறுவாரமே அண்ணன் அப்பாவின் கத்தியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். அவள் படித்தாள், அறுவை மருத்துவரானாள், கல்லீரல் மாற்றும் பிரிவில் சேர்ந்தாள்.

சேர்ந்த முதல் வருடமே அவளை ஒரு சாவு பிடித்துக்கொண்டது. தெருச் சண்டையில் மண்டை உடைந்து, மூன்று நாள் இழுத்துக்கொண்டு கிடந்து மூளை இறந்துபோன ஒருவனின் ஈரலை ஒரு பெண்ணுக்குப் பொருத்தினார்கள். தையல் ஒன்றுகூடக் கசியவில்லை. ஆனால் ஈரல் வேலை செய்யவே இல்லை. மூன்றாம் நாள் அந்தப் பெண் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து ரத்தமாகக் கக்கினாள். தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த இளம் மருத்துவரின் தோள் முழுக்க நனைந்தது. தலைமை மருத்துவர் அன்றோடு ஒரு விதி போட்டார். அடிபட்டு நாள்கணக்கில் இழுத்துச் செத்தவர்களின் ஈரல் இனி வேண்டாம். அப்படித் தூக்கிப்போட்டவற்றை அவள் எண்ணிப் பார்த்தாள். அந்த வருடம் மட்டும் பதினேழு. அதே வருடம் ஈரலுக்குக் காத்திருந்து செத்தவர்கள் இருபத்திரண்டு பேர்.

அந்தப் பதினேழைக் காப்பாற்ற வழி தேடித்தான் மருத்துவமனையின் பழைய சலவை அறையில் இயந்திரம் ஒன்றைக் கட்டினாள். பம்பு, சூடாக்கும் தொட்டி, ரத்தத்தில் பிராணவாயு ஏற்றும் பெட்டி. நடுவில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதில் வைத்த ஈரல் உடம்புக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொள்ள வேண்டும். நான்கு மணி நேரத்துக்குள் பித்தநீர் சொட்டினால் அது பிழைத்தது. சொட்டாவிட்டால் செத்தது. மனித ஈரலைத் தொடுமுன் பன்றி ஈரலில் நிரூபிக்க வேண்டும். வாரம் ஒன்று வீதம் ஒன்பது வருடம் செய்தாள். பாதிக்கு மேல் செத்தன. திரவத்தை மாற்றினாள், குழாயை மாற்றினாள், சூட்டை அரை டிகிரி ஏற்றி இறக்கிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

பிடிபட்டது ஒரு அடிதடியால்தான். கூடத்தில் அண்ணன் எவனையோ அடிக்கப்போய், குறி தவறிச் சுவரில் குத்தி மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். பதினொரு வாரம் வேலை இல்லை. அந்தப் பதினொரு வாரமும் அவனுக்குப் பதிலாக நின்றவன் எந்தப் பன்றி சும்மா நிற்கிறதோ அதை அறுத்துக் கொடுத்தான். பதினொன்றில் பத்து ஈரல் பிழைத்தன. அண்ணன் திரும்பி வந்த முதல் வாரமே ஈரல் செத்தது. அவள் நோட்டுப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கூடத்துக்குப் போய் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, ஒன்பது வருடத் தேதிகளையும் விரல் வைத்து ஒப்பிட்டாள். அண்ணன் விடுப்பில் இருந்த நாட்களின் ஈரல்களில் முக்கால்வாசி பிழைத்திருந்தன, மற்றவற்றில் பெரும்பாலானவை செத்திருந்தன.

அவனிடம் சொன்னபோது தரை கழுவிக்கொண்டிருந்தான்.

"அப்ப நான்தான் ஒன்பது வருஷமா உன் வேலையக் கெடுத்தேன்கிற."

"அப்படிச் சொல்லலைண்ணே."

"வேற எப்படி?" காலடியில் இருந்த ரத்த வாளியை எட்டி உதைத்தான். அது எதிர்ச்சுவரில் மோதித் தெறித்தது. "நல்லதாப் பாத்து, பலமானதாப் பாத்து உனக்குக் குடுத்தேன். அதை அடக்கறதுக்குள்ள என் இடுப்பு போயிடும். தெரியுமா உனக்கு?"

"அதான்ணே விஷயம். சண்டை போட்டுச் சாகுதில்ல, அதுக்குள்ள ஈரல் கையில இருக்கறதை எல்லாம் செலவு பண்ணிடுது. எங்கிட்ட வரும்போது காலி."

 அண்ணன் மேசையில் கிடந்த ஈரல்களில் இரண்டை எடுத்துக் கைக்கொன்றாக அவளிடம் நீட்டினான்.

"தூக்கிப் பாரு. இது சாதுவா நின்னது. இது உதைச்சது."

உதைத்ததன் ஈரல் கையில் லேசாக இருந்தது. நிறமும் கறுத்திருந்தது.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"இங்க வேலை பாக்கற எவனுக்கும் தெரியும். நீ எங்க கேட்ட? நாலு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு கடிகாரத்தைத்தானே பாத்துக்கிட்டு நின்ன."

ஒன்பது வருடமும் அவள் கணக்கிட்டது ரத்தம் நின்ற பிறகான நிமிடங்களை மட்டும். அதற்கு முந்தைய நிமிடங்களில் என்ன நடக்கிறது என்று, கண்ணெதிரே நடந்தும், பார்க்கவில்லை. 

"சரி, இனிமே சாதுவாப் பாத்து ஒதுக்குறேன்" என்றான் அண்ணன்.

"வேணாம்ணே. திமிர் புடிச்சதாவே குடு. எனக்கு இப்ப அதுதான் வேணும். ஆஸ்பத்திரியில தூக்கிப்போடற ஈரலும் இப்படித்தான் காலியா வருது."

பம்பில் வைத்ததும் வேலை வாங்காமல், முதல் இரண்டு மணி நேரம் மெதுவாக, சர்க்கரையும் இன்சுலினும் கலந்த ரத்தத்தை ஓட்டி ஈரலுக்கு இரை கொடுத்தாள். அதன் பிறகுதான் முழு வேகம். அடுத்த வருடம் அடிபட்டுச் செத்த நாற்பது பன்றிகளில் முப்பத்தைந்தின் ஈரல் பித்தநீர் சொட்டியது. நெறிமுறைக் குழு வேறு வழியில்லாத ஒரே ஒரு நோயாளிக்கு அனுமதி கொடுத்தது. அது தோற்றால் சலவை அறையைப் பூட்டிவிட வேண்டும்.

அந்த நோயாளி பள்ளிப் பேருந்து ஓட்டுகிற பெண். கண் மஞ்சளாகி, வயிறு நீர் கோத்து உப்பியிருந்தது. நாலைந்து நாளுக்கு மேல் தாங்காது.

"பன்னிக்குத்தான் இதுவரைக்கும் செஞ்சிருக்கீங்களாமே?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமாம்மா. மனுஷங்கள்ல நீங்கதான் முதல்."

"நாப்பது பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு பிரேக் பிடிக்காத வண்டியை இறக்கத்துல ஓட்டியிருக்கேன். குடுங்க, கையெழுத்துப் போடறேன்."

மறுநாள் ஈரல் கிடைத்தது. பஸ் நிலையத்தில் இரண்டு கோஷ்டி மோதியதில் இரும்புக் குழாயால் அடிபட்டவன். விலா நான்கு, மண்டை இரண்டு இடம். மூன்று நாள் இழுத்து மூளை இறந்தது. அவன் மனைவி ஒரு கேள்வியும் கேட்காமல் சம்மதம் எழுதினாள். எடுக்கும்போதே ஈரல் கறுத்து, லேசாக இருந்தது.

"இதையா வைக்கப் போறீங்க? நான் தொட மாட்டேன்" என்றார் தலைமை மருத்துவர்.

"நீங்க தொட வேண்டாம் சார். நானே தைக்கிறேன். பித்தநீர் வந்தா மட்டும்."

காலை எட்டு மணிக்கு, அறுவை அரங்கை ஒட்டிய அறையில், சலவை அறையிலிருந்து கொண்டுவந்த பம்பு ஓடத் தொடங்கியது. கூட ஒரு நர்ஸ். பத்து மணிவரை இரை. பிறகு வேகம் கூட்டினாள். பதினொன்றரைக்கு ரத்தத்தின் அமிலம் இறங்கத் தொடங்கியது, நல்ல அறிகுறி. பித்தநீர்க் குழாய் மட்டும் காய்ந்தே கிடந்தது.

வாசலில் கூச்சல் கேட்டது. செத்தவனின் தம்பி அன்று காலைதான் போலீஸ் காவலில் இருந்து வெளியே வந்திருந்தான். அவனுடைய அண்ணனின் வயிற்றைக் கிழித்துவிட்டார்கள் என்று மட்டும் யாரோ சொல்லியிருந்தார்கள். காவலாளி ஒருவனின் பல்லைப் பெயர்த்துவிட்டு மேலே வந்தான். கதவுக் கண்ணாடி சிதறி உள்ளே விழுந்தது. கையில் கட்டிலில் இருந்து பிடுங்கிய இரும்புக் கம்பி.

"எங்கடி எங்கண்ணன்?" என்றவன் கிண்ணத்தைப் பார்த்தான். கம்பி உயர்ந்தது.

அவள் இடது கையைக் குறுக்கே நீட்டினாள். எலும்பு முறிந்த சத்தம் பம்பின் சத்தத்தைத் தாண்டிக் கேட்டது. கம்பி நழுவி ஒரு குழாயைப் பிடுங்கிவிட, ரத்தம் பீறிட்டு அவன் முகத்தில் அடித்தது. அவள் வலது கை விரலால் குழாயை இறுகப் பற்றினாள்.

"கட்டுங்க சிஸ்டர். ரெண்டு சுத்து" என்றாள். நர்ஸ் குழாயைத் திரும்பச் செருகி நூல் சுற்றிக் கட்டினாள்.

அவன் முகத்தைத் துடைத்துக் கையைப் பார்த்தான். "எங்கண்ணன் ரத்தமா?"

"இது ஆஸ்பத்திரி ரத்தம். ஈரல் மட்டும்தான் உங்க அண்ணனோடது. மத்தது எல்லாம் போயிடுச்சு, இது ஒண்ணு உயிரோட இருக்கு. இன்னொரு தடவை அடிச்சீங்கன்னா இதுவும் போயிடும்."

கம்பி கீழே இறங்கவில்லை. அடிக்கவும் இல்லை. "அதுக்கு வலிக்குதா?" என்றான்.

"இல்லை. சாப்பிடுது."

பின்னால் ஓடிவந்த காவலாளிகள் அவனைத் தரையில் சாய்த்து முகத்திலேயே மிதித்தார்கள். "அடிக்காதீங்கய்யா, கூட்டிட்டுப் போங்க" என்று அவள் கத்தினாள். கேட்கவில்லை. நடைபாதை முழுக்க இழுத்த தடம் சிவப்பாக நீண்டது.

முறிந்த கைக்கு நர்ஸ் அட்டைப் பெட்டியைக் கிழித்து வைத்துக் கட்டினாள். "வலி மருந்து போடட்டுமா டாக்டர்?"

"வேண்டாம். தூங்கிட்டா யாரு பாக்கறது?"

பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது குழாயின் முனையில் ஒரு துளி திரண்டது. தேன் நிறம். விழுந்தது. அடுத்தது திரண்டது.

தலைமை மருத்துவர் வந்தபோது கண்ணாடிக் குழலில் ஒரு விரற்கடை சேர்ந்திருந்தது. அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார்.

"நீங்க தைக்க முடியாதே."

"முடியாது சார். நீங்கதான் தைக்கணும்."

"நான் தொட மாட்டேன்னு சொன்னேன்."

"சொன்னீங்க. இப்பத் தொட்டுப் பாருங்க."

அவர் கையுறை போட்டு ஈரலின் ஓரத்தை இரண்டு விரலால் அழுத்தினார். விட்டதும் அது எழும்பியது. இன்னொரு இடத்தில் அழுத்தினார்.

"அமிலம்?"

"அரை மணிக்கு ஒரு தடவை எடுத்திருக்கேன். இறங்கிக்கிட்டே வருது."

"அந்த ஆள் பிடுங்கின குழாய்?"

"நாப்பது செகண்ட் ஓட்டம் நின்னுச்சு. அதையும் எழுதியிருக்கேன்."

தாளை வாங்கி முதல் வரியில் இருந்து வாசித்தார். பிறகு கை கழுவப் போனார்.

நர்ஸ் அவளுடைய வலது கையைத் தேய்த்துக் கழுவிக் கையுறை மாட்டினாள். இடது கையை நெஞ்சோடு கட்டி மேலே அங்கியைப் போர்த்தினாள். பம்பு நின்றது. குளிர்ந்த திரவம் பாய்ந்தது. அரங்கில் பேருந்து ஓட்டுகிறவளின் வயிறு திறந்து காத்திருந்தது. கிண்ணத்தின் ஒரு பக்கத்தை நர்ஸ் தாங்க, அவள் ஒற்றைக் கையால் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு மேசை வரை நடந்தாள்.

"பம்பு நின்னு எத்தனை நிமிஷம்?" என்றார் தலைமை மருத்துவர்.

"ரெண்டு."

அவர் இரண்டு கையையும் குவித்து நீட்டினார். அவள் கிண்ணத்தைச் சாய்த்தாள்.