மூடியில் கட்டிய வலை

கட்டுகஸ்தோட்டையில் என் வாடகை அறையில் ஒரு சின்னக் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அதில் நான்கு ஜா மீன்களை வளர்த்தேன். வாயால் மணலை அள்ளிக் குழி தோண்டி, தலையை மட்டும் நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்துக் குழிக்காரன் தன் கல்லைத் திருடிவிடுவானோ என்று ஒவ்வொன்றுக்கும் சந்தேகம்.

மூன்று நாள் கொழும்புக்குப் போனபோது, கீழ்வீட்டு ராசிக் நானாவிடம் சாவியைக் கொடுத்து இரை போடச் சொன்னேன். திரும்பி வந்தால் மூன்று தலைகள்தான் தெரிந்தன. மூடியில் குழாய் போகும் இடைவெளியை மறைத்து நுளம்பு வலைத் துண்டொன்று கட்டியிருந்தது. போன மாதம் நானா இந்த மீன்களைப் பார்த்து, "எனக்கும் ஒண்டு தாங்களேன்" என்று சிரித்துக்கொண்டே கேட்டது ஞாபகம் வந்தது.

சற்று நேரத்தில் அவரே வந்து கதவைத் தட்டினார். "தம்பி, ஒரு விஷயம் சொல்லணும்."

"சாவியக் குடுங்க நானா. மத்தத பொறகு பேசுவோம்."

தந்துவிட்டு இறங்கிப் போனார். நான் வலையைப் பிய்த்து எறிந்தேன்.

மறுநாள் காலை தொட்டியில் இரண்டு தலைகள்தான் தெரிந்தன; அந்த இடைவெளி வழியாகத் துள்ளி விழுந்த ஒரு மீன் தரையில் காய்ந்து கிடந்தது.

சாவியை எடுத்துக்கொண்டு கீழே போனேன். நானா என் முகத்தைப் பார்த்தார்.

"வலையக் கழட்டினீங்களா?"

தலையாட்டினேன். முதலாவது மீனைப் புதைத்த பூச்சாடியைக் காட்டினார். இரண்டாவதையும் அதிலேயே புதைத்தேன்.

ஜா மீன்கள் ஒன்றின் கல்லை ஒன்று உண்மையிலேயே திருடும். அவற்றின் சந்தேகத்திலாவது நியாயம் இருக்கிறது.