நிலாவில் கொட்டிய டீ

போன செவ்வாய்க்கிழமை ஒருவர் என் டீயைக் குறை சொன்னார்.

நேருக்கு நேராக. ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி. "இஞ்சி நெம்பத் தூக்கலா இருக்குதுங்கம்மா. எனக்கு இஞ்சியே ஆகாதுங்க" என்றார்.

சொன்னவர் முதல் தடவை வந்த ஆள் இல்லை. மூன்று வருடமாக எங்கள் விளம்பர ஆபீசுக்கு வருகிறவர். மாதம் இரண்டு முறையாவது இதே இஞ்சி டீயை வாங்கி, அடி வரை குடித்து, "அமிர்தமுங்க" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைக்கிறவர். சரவணம்பட்டிப் பக்கம் கிரைண்டர் கம்பெனி வைத்திருக்கும் கிருஷ்ணசாமி.

மூன்று வருடம்! அத்தனை டீயையும் பல்லைக் கடித்துக்கொண்டா குடித்தார் மனுஷர்?

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆபீசே எழுந்து கை தட்டியது. நானும் தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கை தட்டினேன். ஏன் என்று கேட்கிறீர்களா... சொல்கிறேன்.

வாராவாரம் நான் எழுதும் இந்தப் பக்கத்துக்குப் பவானியிலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். ஜமக்காளக் கடை வைத்திருக்கிறாராம், கீழே எட்டுப் பேர். "வாடிக்கையாளரையும் சமாளித்து, வேலை செய்கிறவர்களையும் சமாளிப்பது எப்படி? உங்கள் ஆபீசில் எப்படிச் செய்கிறார்கள்?" என்று கேட்டிருந்தார். படித்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அம்மணி, நான் அங்கே மேனேஜர் இல்லை. காலையில் ஆபீசைத் திறந்து, கூட்டி, டீ போட்டு, மாலையில் பூட்டுகிறவள். படிப்பு ஐந்தாம் வகுப்பு. மீட்டிங் நடக்கிற அறைக்குள் தட்டோடு போவேன், தட்டோடு வருவேன். நாலு பேர் முன்னால் வாயைத் திற என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஆனாலும் ஒன்று தெரியும். எங்கள் ஊரில் வேலை கெட்டுப்போவது சண்டையால் இல்லை... மரியாதையால்!

எங்கள் முதலாளி தேவராஜ் தம்பி ஆபீஸ் ஆரம்பித்த காலத்தில் பெரிய வாடிக்கையாளர் ஒரு பம்ப்செட்காரர். எது காட்டினாலும் "அருமைங்க, உங்களுக்குத் தெரியாததுங்களா" என்பார். தீபாவளிக்கு ஐந்து கிலோ இனிப்புக் கொடுத்து அனுப்பினார். அடுத்த வாரத்திலிருந்து ஆளைக் காணோம். வேறு ஏஜென்சிக்குப் போய்விட்டார். "தேவராஜு பண்றது எனக்கு ஒண்ணுகூடப் புடிக்கலீங்க" என்று ஊரெல்லாம் சொன்னாராம். எங்களிடம் மட்டும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? முகம் வாடிப்போய்விடுமே!

அவர் போனதும் ஒன்பது பேர் இருந்த ஆபீஸ் ஆறு பேரானது. காலி நாற்காலிகளைத் துடைக்கும்போது எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

அப்போதுதான் கிருஷ்ணசாமி வந்தார். மேஜை மேல் வைக்கிற சின்ன கிரைண்டர் புதிதாகச் செய்திருந்தார். கண்காட்சியில் கடை போட்டு அறிமுகம் செய்ய வேண்டும், அதற்கு ஒரு வண்ணப் புத்தகம் வேண்டும். வேலை விமலாவிடம் போனது. மேட்டுப்பாளையத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருகிற பெண், ஆபீசில் கடைசியாகச் சேர்ந்தவள். படம் போட்டால் தொட்டுப் பார்க்கத் தோன்றும், அப்படி ஒரு கை.

"அம்மா, இந்த வேலையும் நம்ம கையை விட்டுப் போச்சுன்னா, நான் விமலாவை நிறுத்தறதைத் தவிர வழியில்லீங்க" என்று தேவராஜ் தம்பி ஒரு நாள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். என்னிடம் சொன்னாரா, டீயிடம் சொன்னாரா தெரியாது. ஆபீசில் எல்லோரும் அப்படித்தான். டீ கொடுக்கிறவளிடம் மனசில் இருப்பதைச் சொல்வார்கள். அவள்தான் பேச மாட்டாளே!

மூன்று வாரம் கழித்து அட்டைப்படம் தயாரானது. தயாரானது என்றால் கம்ப்யூட்டரில் இல்லை. கெட்டி அட்டையில் கையால் வண்ணம் தீட்டி, எழுத்துக்களை வெட்டி ஒட்டி... அது ஒன்றுதான் அசல். அதைத்தான் பிரஸ்ஸில் படம் பிடிப்பார்கள்.

நான் மேஜை துடைக்கும்போது பார்த்தேன். கருநீல வானம். நட்சத்திரம். பெரிய நிலா. அந்த நிலாவின் மேல்... கிரைண்டர்.

எனக்குப் புரியவில்லை. நிலாவில் யார் இட்லி சாப்பிடப் போகிறார்கள்?

மறுநாள் காலை பதினோரு மணிக்கு மீட்டிங். கிருஷ்ணசாமி வந்து பார்த்து, அட்டைக்குப் பின்னால் கையெழுத்துப் போட்டால் மூன்று மணிக்குப் பிரஸ்ஸுக்குப் போய்விடும். கண்காட்சிக்கு நாலே நாள்.

காலையில் விமலா சமையலறைக்கு வந்தாள். "அம்மா, எனக்கு அந்த நிலா புடிக்கவே இல்லீங்க. சார்தான் கிருஷ்ணசாமி சாருக்கு நிலா வேணும்னாரு. நீங்க யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்க" என்றாள். பிறகு பீரோவைத் திறந்து இன்னொரு அட்டையைக் காட்டினாள். ஆசைக்காக அவளே செய்தது. வெள்ளைப் பின்னணி. கல் சுற்றுகிறது, மாவு வழுவழுவென்று வழிகிறது, ஓரத்தில் ஆவி பறக்க நாலு இட்லி. அவ்வளவுதான். பார்த்ததும் எனக்குப் பசித்தது.

பத்தரைக்குத் தேவராஜ் தம்பி வந்தார். "நிலா கொஞ்சம் ஓவருதானுங்கம்மா. ஆனா வாடிக்கையாளர் ஆசைப்பட்டுக் கேட்டாரு, என்ன பண்றது" என்றார்.

பதினோரு மணிக்குக் கிருஷ்ணசாமி வந்தார். அட்டையைப் பார்த்தார். "அருமைங்க!" என்றார். பிறகு ஊட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கறேன் என்று வெளியே வந்தார். எங்கள் போன் சமையலறை வாசலில். மனைவியிடம் தெலுங்கில் பேசினார். சுற்றி இருப்பவர்களுக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். எங்கள் வீட்டிலும் தெலுங்குதான் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

என்ன சொன்னார் தெரியுமா? "கிரைண்டரைக் கொண்டுபோய் நிலாவில் வைத்திருக்கிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் மூன்று வாரம் உட்கார்ந்து செய்திருக்கிறது, எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது? இந்த ஒரு தடவை போகட்டும். அடுத்த வேலையை வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்."

பம்ப்செட்காரர் கதைதான், மறுபடியும்! மூன்று பேருக்கும் பிடிக்கவில்லை. மூன்று பேரும் மற்றவருக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அருமை, அருமை என்கிறார்கள். கடைசியில் வேலை போகப்போவது யாருக்கு? விமலாவுக்கு. இந்த மூன்று பேர் மனசும் தெரிந்த ஒரே ஆள்... பேசவே தெரியாத நான்.

ஆனால் சொல்லத்தான் போனேன். தேவராஜ் தம்பி பேப்பர் எடுக்க அந்தப் பக்கம் வந்தார். "தம்பி..." என்றேன்.

"என்னங்கம்மா, சக்கரை தீந்து போச்சுங்களா?"

"ஆமாங்க" என்றேன்.

டப்பாவில் இரண்டு கிலோ சர்க்கரை இருந்தது.

அவர்களை மட்டும் சொல்லி என்ன? நானும் இந்த ஊர்தானே!

டீயை ஊற்றித் தட்டில் மூன்று டம்ளர் வைத்துக்கொண்டு உள்ளே போனேன். அட்டை மேஜை நடுவில் மல்லாந்து கிடந்தது. கிருஷ்ணசாமி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு முழுத் திருப்திதானுங்களே?" என்றார் தேவராஜ் தம்பி.

"உங்களுக்குத் திருப்தின்னா எனக்கும் திருப்திதானுங்க."

"நீங்க சொல்லுங்க."

"நீங்க பாத்துச் செஞ்சா தப்பாப் போகுமுங்களா? நீங்களே சொல்லுங்க."

விமலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டம்ளர் சாய்ந்தது.

முழு டம்ளர் டீ. நிலாவின் மேல்தான் விழுந்தது. மஞ்சள் நிலா பழுப்பாகி, நீல வானம் கரைந்து ஓடி, நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக மேஜை விளிம்பு வழியாகச் சொட்டின. மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினார்கள் — என்னைத் திட்டி இல்லை, எனக்காக.

"ஐயோ, கையில பட்டுருச்சுங்களா அம்மா?"

"பரவால்லீங்க, பரவால்லீங்க... வயசாச்சு, கை நடுங்கிருச்சு!"

"அழுவாதீங்கம்மா!" நான் அழவே இல்லை. விமலாதான் அழுதுகொண்டிருந்தாள். இல்லை... சிரித்தாளோ? இரண்டும்தான்.

தேவராஜ் தம்பி முகம் வெளுத்துவிட்டது. "மூணு மணிக்குப் பிரஸ்ஸுங்க. இனி வரைய நேரமில்லியே... விமலா, வேற ஏதாச்சும் இருக்குதா?"

விமலா ஓடிப்போய்ப் பீரோவிலிருந்து இட்லி அட்டையைக் கொண்டுவந்தாள். நான் துடைத்துக் கொடுத்த மேஜையில் வைத்தாள்.

கிருஷ்ணசாமி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஏனுங்க... இதை ஏனுங்க முன்னாலயே காட்டலை?"

"நீங்க நிலா கேட்டீங்களேங்க!" என்றார் தேவராஜ் தம்பி.

"நானா? நான் எப்போங்க நிலா கேட்டேன்?"

"மொதல் நாளு வந்தப்ப, நிலா காட்டுனா நல்லா இருக்கும்னு சொன்னீங்களே!"

கிருஷ்ணசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயா சாமி! அது எம் பேரன் சோறு திங்க மாட்டேங்கறான், நிலா காட்டுனாத்தான் வாயத் தொறக்கறான்னு சொன்னதுங்க! கிரைண்டருக்குங்களா சொன்னேன்?"

விமலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் நிலா புடிக்கலீங்க சார்" என்றாள் விமலா மெதுவாக.

"எனக்கு மட்டும் புடிச்சுதாக்கும்?" என்றார் தேவராஜ் தம்பி.

அதற்குப் பிறகு சிரித்தார்கள் பாருங்கள்... பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். கிருஷ்ணசாமிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வெசயாத் திருப்புங்க அட்டைய, நேரமாகுது" என்று இட்லி அட்டைக்குப் பின்னால் பெரிதாகக் கையெழுத்துப் போட்டார். "அம்மணி, இனி என்ர வேலை எல்லாம் நீதான் பண்ணோணும்" என்று விமலாவிடம் சொன்னார். வெறும் மரியாதைக்குச் சொல்லவில்லை. இன்றைக்கும் அவள்தான் பண்ணுகிறாள். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் இப்போது இன்னும் இரண்டு நாற்காலி.

அன்று மாலையே தேவராஜ் தம்பி ஒரு சட்டம் போட்டார். எந்த வேலையும் ஆபீசை விட்டுப் போவதற்கு முன்னால் ஒரு சுற்று டீ. பெயர், குறை டீ. டீ குடிக்கிற ஒவ்வொருவரும் அந்த வேலையில் ஒரு குறையாவது சொல்லியாக வேண்டும். வாடிக்கையாளர் வந்திருந்தால் அவரும்தான். குறை சொல்லாதவர் டம்ளரை நான் திரும்ப வாங்கக் கூடாது. கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்!

முதல் மாதம் பட்ட பாடு இருக்கிறதே... "குறைன்னு ஒண்ணுமில்லீங்க, எழுத்து ஒரு நூலளவு சின்னதோன்னு எனக்கொரு சந்தேகம், சந்தேகம்தானுங்க, எம் பார்வை கோளாறாக்கூட இருக்கும்" என்று ஒரு குறையைச் சொல்வதற்குள் டீ ஆறி ஆடை கட்டிவிடும். போகப் போகப் பழகிவிட்டது. இப்போது படபடவென்று வருகிறது. யார் முகமும் வாடுவதில்லை, சட்டப்படிதானே சொல்கிறார்கள்! சண்டை போடுகிற ஆபீசில் உண்மை கூடத்துக்கு வந்துவிடும். மரியாதையான ஆபீசில் அது சமையலறைக்குத்தான் வருகிறது. எங்கள் ஆபீசில் அதைத் தட்டில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுபோகிறோம்... அவ்வளவுதான் வித்தியாசம். பவானி அம்மணி, உங்கள் எட்டுப் பேருக்கும் ஒரு நாள் இப்படி டீ போட்டுக் கொடுத்துப் பாருங்கள்.

ஒரே ஒருவர் மட்டும் வழிக்கு வரவில்லை. கிருஷ்ணசாமி. மூன்று வருடமாக ஒவ்வொரு குறை டீயிலும் டம்ளரோடு உட்கார்ந்திருப்பார். "எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது" என்பார். நாங்களே பாவம் பார்த்து டம்ளரை வாங்கிக்கொள்வோம்.

அந்த மனுஷர்தான் போன செவ்வாய்க்கிழமை வாயைத் திறந்தார். வேலையில் குறை இல்லையாம்... டீயில்தானாம்! கை தட்டாமல் என்ன செய்வோம்?

எல்லோரும் கலைந்த பிறகு நான் டம்ளரை வாங்கப் போனேன். கிருஷ்ணசாமி குரலைத் தாழ்த்திக்கொண்டு தெலுங்கில் கேட்டார். ஆமாம், தெலுங்கில்! எப்போது தெரிந்துகொண்டாரோ.

அன்றைக்கு என் கை நடுங்கி டீ கொட்டியதே... அதற்கு முன்னால் எப்போதாவது கொட்டியிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகு? அதுவும் இல்லை என்றேன்.

அவர் சிரித்தார். "நான் ஒண்ணும் கேக்கலீங்க" என்று தமிழுக்கு மாறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மாவாட்டி, பாத்திரம் சுமந்து உரம் ஏறிய கை இது. நிறைந்த டம்ளரோடு மூன்று மாடி ஏறும். ஒரு சொட்டு சிந்தாது. அன்றைக்கு எனக்கு நாக்குதான் எழவில்லை. கை எழுந்தது.

தேவராஜ் தம்பிக்கு இது தெரியாது. வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர், இந்த வாரமும் படிப்பார். படிக்கட்டும்... டீ டம்ளரை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு!